மிதக்கும் தரையில் மூன்று கால்கள்

போன வருடம் எடுத்த படம் ஆடிப்போயிருந்தது. அந்த ஒரே காரணத்தால் ஒரு சதுப்பு நிலமே கைவிட்டுப் போகவிருந்தது.

ஆர்டிஸ் நியெமிக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வடக்கு மின்னசோட்டாவில் அவள் வீட்டிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிறது அந்தச் சதுப்பு. பார்த்தால் பச்சைப் பசேலென்று மைதானம் மாதிரி கிடக்கும். கால் வைத்தால்தான் தெரியும், அது தரையே இல்லை, தண்ணீரின் மேல் மிதக்கிற பாசி மெத்தை என்று. ஒருவர் நடந்தால் பத்தடி தள்ளி நிற்கும் குட்டை மரம் தலையாட்டும். அதன் நடுவே, ஒரு பாசி மேட்டில், விரல் உயரத்துக்கு ஒரு ஆர்க்கிட் செடி. ஒரே ஒரு செடி. அதன் பூக்கள் அரிசி மணியைவிடச் சின்னவை, நிறமும் இலையின் பச்சையேதான். மண்டியிட்டுத் தேடினாலொழியக் கண்ணில் படாது. ஆர்டிஸின் கண்ணில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சு கிடையாது.

அந்தச் சதுப்பின் குறுக்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, ஒரு கல் குவாரிக்குச் சாலை போட மாவட்ட நிர்வாகம் முடிவு செய்திருந்தது. ஜூலை இருபத்து நாலாம் தேதி கடைசி விசாரணை. அரிய செடி இருக்கிறதென்று நிரூபித்தால் சாலை வேறு பக்கம் திரும்பும். நிரூபிப்பது எப்படி? பிடுங்கிக்கொண்டு போய்க் காட்ட முடியாது, அது குற்றம். படம்தான் சாட்சி. இதே சாயலில் எங்கும் முளைக்கிற இன்னொரு செடி உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வது இலை நுனியில் ஊசிமுனை அளவுக்கு வரிசையாக முளைக்கும் குருத்துகள். அவை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். போன வருடப் படத்தைப் பார்த்த மாநிலத் தாவரப் பிரிவு அதிகாரி, ஒரு பெண்மணி, நல்ல மாதிரியாகவே எழுதியிருந்தாள்: இதிலிருந்து எதையும் உறுதி செய்ய இயலவில்லை, வருந்துகிறேன்.

அந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஆர்டிஸ் ஒருமுறை திட்டுவாள். அதிகாரியை அல்ல, கேமராவைத் தாங்கிய பழைய ட்ரைபாடை.

அதற்குத் திட்டு தகும். நடுவில் ஒரு தண்டு வைத்து, அதை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்று விற்கிற ட்ரைபாட் அது. கல்யாண வீட்டில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்க உதவும். அரிசி மணியை ஆள் உயரத்துக்குப் பெருக்கிக் காட்டும் வேலைக்கு அந்த நடுத்தண்டு ஒரு சாபக்கேடு. மூன்று கால் கொடுக்கிற உறுதியை ஒற்றைக் காலில் நின்று கெடுக்கும். போதாக்குறைக்கு, கால்கள் விரியாது. விரல் உயரச் செடிக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டு குனிந்து பார்க்கும்.

எனவே இந்த வருடம் புதிதாக ஒன்று வேண்டும். ஏப்ரலில் டுலூத் நகரத்துக்குப் போய்க் கேமராக் கடையில் ஒரு மணி நேரம் நின்றாள். கடைக்காரப் பையன் கார்பன் இழையாலான ஒரு ட்ரைபாடைக் காட்டி, பாறை மாதிரி நிற்கும் என்றான். பாறை மேல் எது வைத்தாலும் பாறை மாதிரிதான் நிற்கும், தண்ணீர் மேல் நிற்குமா என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் வாங்கிவந்தாள். நடுத்தண்டு இல்லை, கால்கள் சப்பாணி மாதிரி தரையோடு தரையாக விரிந்தன, மூன்றரை பவுண்டுதான் எடை.

பக்கத்து வீட்டில் அவள் தம்பி ரோலி. அறுபது வயது, இரும்புச் சுரங்கத்தில் ராட்சச லாரி ஓட்டியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காலைக் காப்பிக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். கார்பன் ட்ரைபாடை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன, கொக்குக்குச் செய்த ஊன்றுகோலா என்றான். மறுநாளே, நில அளவை செய்து ஓய்வு பெற்ற ஸ்கால்கோவிடம் கேட்டு, அவருடைய மர ட்ரைபாடை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். ஆஷ் மரத்தில் ஆறடிக் கால்கள், முனையில் இரும்புக் கூர், காலால் மிதித்து இறக்கப் படி. பதினாறு பவுண்டு. அதைச் சமையலறையில் நிறுத்தியதும் மேசைக்கு இடம் இல்லாமல் போயிற்று.

ஜூன் மாதம் இரண்டையும் சதுப்பின் விளிம்பில் வைத்துச் சோதித்தார்கள். ஒரு தீப்பெட்டியின் லேபிளைப் படம் எடுப்பது, ரோலி பக்கத்தில் நடப்பது. மரக்கால்களைப் பாசிக்குள் மிதித்து இறக்கினால் ஐந்தரை அடி ஆழத்தில் களிமண்ணில் போய் முட்டி நின்றன. ரோலி சுற்றிச்சுற்றி நடந்தான். பிறகு பொல்கா நடனம் ஆடினான். பாசி மெத்தை ஏறி இறங்கியது, ட்ரைபாடோ அசையவில்லை. லேபிளில் இருந்த கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. கார்பன் ட்ரைபாடோ மெத்தையின் மேலேயே உட்கார வேண்டியிருந்தது. கால்கள் புதையாமலிருக்க, சாப்பாட்டுத் தட்டு அளவில் மூன்று ஒட்டுப்பலகை வட்டங்கள் வெட்டி அடியில் வைத்தாள். ரோலி அசையாமல் இருந்தபோது படம் துல்லியமாக வந்தது. அவன் மூக்கைச் சொறிந்தபோது கெட்டது.

இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். இருந்தது. பிப்ரவரியில் ரோலிக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆர்டிஸின் முதுகில் ஏற்கெனவே கேமராவும் லென்ஸுமாக இருபது பவுண்டு. செடி இருக்கும் இடம் சாலையிலிருந்து ஒரு மைல். ஒவ்வொரு அடியும் முழங்கால் வரை புதையும், பிடுங்கிப் பிடுங்கி நடக்க வேண்டும். அவளுக்கு இடுப்பு எலும்பு வேறு தேய்ந்திருந்தது.

அவள் தனியாகப் போயிருக்கலாமே என்றால், அந்த ஊரில் யாரும் மிதக்கும் பாசி மேல் தனியாகப் போக மாட்டார்கள். மெத்தை கிழிந்து உள்ளே போனால் கம்பு நீட்ட ஒருவர் வேண்டும். பள்ளிக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விதி அது.

விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், வானொலியில் மறுநாள் காலை காற்று இருக்காது என்றார்கள். அன்று சாயங்காலம் சமையலறையில் வாக்குவாதம். மர ட்ரைபாடைத் தான்தான் சுமப்பேன் என்று ரோலி ஒற்றைக்காலில் நின்றான்.

"நான் இதைத் தூக்கினா இடுப்பு போவும். நீ தூக்கினா உயிர் போவும். அது வேண்டாம்" என்றாள்.

"பதினாறு பவுண்டு. என் பூனை அதைவிடக் கனம்."

"பூனையைத் தூக்கிட்டு ஒரு மைல் சேத்துல நடந்தியா?"

"ஆர்டிஸ், போன வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? இந்தத் தடவையும் ஆடிப்போச்சுன்னா அடுத்த வருஷம் எடுக்க அங்க பூவும் இருக்காது, தண்ணியும் இருக்காது."

"ஆடாது. நீ ஆடாம இருந்தா அதுவும் ஆடாது. கார்பன்தான் எடுத்துட்டுப் போறோம். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வாயை மூடிட்டு உக்காந்திரு. அவ்வளவுதான் உன் வேலை."

ரோலி மர ட்ரைபாடின் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சரி என்றான். சுமக்க வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும் என்பதில் அவனுக்கே உள்ளூர நிம்மதி இருந்திருக்க வேண்டும். அதை அவள் கவனித்தாள். தம்பியின் உயிரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அன்று படுக்கப் போனாள்.

காலை நாலு மணிக்குக் கிளம்பினார்கள். ரோலியின் கையில் கம்பும், சுருட்டிய வெள்ளைத் துணியும் மட்டும். ஒரு மைலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினான். அவளும் நின்றாள். கொசு வலைத் தொப்பியையும் மீறிக் காதில் புகுந்து மூக்கில் வந்தது. அவன் முகம் சாம்பல் பூத்தாற்போல இருந்ததாக அவளுக்கு அப்புறம் தோன்றியது. விடிகாலை வெளிச்சத்தில் எல்லா முகமும் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தாள்.

செடி இருந்தது. பதினேழு பூ. ஆர்டிஸ் இரண்டு முறை எண்ணினாள்.

மூன்று பலகை வட்டங்களை வைத்து, ட்ரைபாடை விரித்து, கேமராவைச் செடியின் மட்டத்துக்கு இறக்கினாள். காற்று இல்லை என்று வானொலி சொன்னாலும், அரிசி மணிப் பூவை ஆட்ட ஒரு பெருமூச்சு போதும். அதற்குத்தான் துணி. ஒரு முனையை அங்கிருந்த குட்டை மரத்தில் கட்டினாள். மறுமுனையைக் கட்டிய கம்பைப் பாசியில் ஊன்றினால் சாய்ந்துவிடும், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். ரோலி துணிக்கு அந்தப் பக்கம், ரப்பர் விரிப்பில், இன்னொரு மரத்தில் முதுகைச் சாய்த்து, கம்பைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து உட்கார்ந்தான். அவளுக்கு அவன் தொப்பிகூடத் தெரியவில்லை.

இந்த வேலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு கிட்டத்தில் வைத்து எடுத்தால் ஒரு படத்தில் முடி கனத்துக்குத்தான் தெளிவு இருக்கும், மற்றதெல்லாம் மங்கல். அதனால் முன்னிருந்து பின்னாக, முடி முடியாகக் கேமராவை நகர்த்தி வரிசையாகப் படங்கள் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக்க வேண்டும். அதை நகர்த்துகிற திருகைத் தொட்டால் மெத்தை நடுங்கும். நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து, கேபிள் முனையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இந்தச் செடிக்கு ஐம்பது படம். இடையில் ஒன்று கெட்டாலும் அந்த இடத்தில் ஓட்டை விழும். முதலில் பூக்கள், கடைசியில்தான் பின்பக்கம் திரும்பியிருந்த இலை நுனி. வழக்கு முழுவதும் அந்த இலை நுனியில்தான் இருந்தது.

திருகினாள், காத்திருந்தாள், அழுத்தினாள். பத்து. இருபது. முப்பது. ரோலி சத்தமே காட்டவில்லை. அவளுக்கு அவன்மேல் பிரியம் பொங்கியது. வீடு திரும்பியதும் ஏலக்காய் ரொட்டி சுட்டுத் தரலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பத்து நாலாவது படத்தில் கேமராத் திரையில் இலை நடுங்கியது. காற்றில் ஆடுகிற ஆட்டம் இல்லை, அடியிலிருந்து வருகிற நடுக்கம். காத்திருந்தாள். நிற்கவில்லை. முப்பத்தைந்தும் கெட்டது.

"ரோலி, ஆடாதே" என்றாள், திரும்பாமல், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

நடுக்கம் கூடியது. துணியும் அசைந்தது. அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு வருடம் காத்திருந்து, ஒரு மைல் சேற்றில் நடந்து வந்து, இன்னும் பதினேழே படம் பாக்கி.

"அறுபது வயசாச்சு, பத்து நிமிஷம் அடங்கி உக்கார முடியலையா உன்னால? சர்ச்சுல அம்மாகிட்ட கிள்ளு வாங்கினது பத்தலையா?"

துணிக்குப் பின்னாலிருந்து அவன் குரல் மெதுவாக வந்தது. "ஒண்ணுமில்ல. நீ எடு."

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நன்றாகவே நின்றது. திருகை ஒரு முடி பின்னுக்குத் திருப்பி, கெட்ட இடத்தை மறுபடி எடுத்தாள். முப்பத்தாறு. நாற்பது. மெத்தை இப்போது சிமென்ட் தரை மாதிரி இருந்தது. திருகிய கையை எடுத்த அடுத்த நொடியே இலை அடங்கியது. இப்படி ஒரு அசைவின்மையை அவள் எந்தச் சதுப்பிலும் கண்டதில்லை. சந்தோஷத்தில் அவள் படங்களை உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். இலை நுனி தெளிவுக்கு வந்தது. குருத்துகள், ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. கெட்ட இரண்டையும் சேர்த்து ஐம்பத்திரண்டு.

"முடிஞ்சுது. இப்ப எழுந்து பொல்கா ஆடு" என்றாள்.

துணி அசையவில்லை. குறும்பு செய்கிறான் என்று நினைத்து, கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அப்புறம்தான் துணியை விலக்கினாள்.

மரத்தில் சாய்ந்தபடியே இருந்தான். இரண்டு கைகளும் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. வாய் திறந்திருந்தது. கீழுதட்டில் ஒரு கொசு நிதானமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது.

பேருந்து ஓட்டுநர்களுக்கு வருடா வருடம் முதலுதவிப் பயிற்சி கொடுப்பார்கள். மார்பின் நடுவில் கை வைத்து, இரண்டு அங்குலம் இறங்க, வேகமாக அழுத்த வேண்டும். முப்பத்தோரு வருடம் ரப்பர் பொம்மையை அழுத்தியவள் அவள். ரோலியைப் படுக்க வைத்து அழுத்தினாள். மார்பு இறங்கவில்லை, ஆள் முழுவதுமாக இறங்கினான். அவள் அழுத்துகிற பலத்தையெல்லாம் பாசி வாங்கிக்கொண்டது. அழுத்த அழுத்த அவன் காதைச் சுற்றித் தண்ணீர் ஊறி ஏறியது. அவன் முதுகுக்கு அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டும். ட்ரைபாடைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூன்று பலகை வட்டங்களையும் அவன் முதுகுக்கு அடியில் திணித்தாள். அவை அவனோடு சேர்ந்து புதைந்தன. மறுபடி அழுத்தினாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். கேமராப் பையைத் திணித்தாள். கெட்டித் தரை எங்கேயும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, அத்தனையும் மெத்தை.

கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. எவ்வளவு நேரம் அழுத்தினாள் என்று அவளுக்குத் தெரியாது. வெயில் ஏறி, காற்று கிளம்பி, துணி படபடக்க ஆரம்பித்த பிறகு எழுந்தாள். அவன் முகத்தின் மேல் தன் கொசுவலைத் தொப்பியைப் போட்டாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு, யாரும் தனியாக நடக்காத இடத்தில் தனியாக நடந்து சாலைக்கு வந்தாள்.

அடக்கம் புதன்கிழமை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாட்டிஷ் என்கிற சுட்ட சாப்பாட்டுத் தட்டுகளும் காப்பியும். எல்லோரும் ஒரே விஷயத்தை வேறு வேறு மாதிரி சொன்னார்கள்: பிடித்த இடத்தில், அக்கா பக்கத்தில், வலியில்லாமல். வலியில்லாமல் என்று சொன்னவர்களை அவள் நிமிர்ந்து பார்த்தாள். மருத்துவர் மட்டும் தனியே அழைத்து, உடனே பார்த்திருந்தாலும் அந்தத் தரையில் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். தலையாட்டினாள். நம்பவில்லை. மறுநாள் ஸ்கால்கோ வீட்டுக்கு வந்து மர ட்ரைபாடை எடுத்துக்கொண்டு போனார். அதை அவள் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நின்றாள். அது மட்டும் வந்திருந்தால் அவன் ஆடியிருக்கலாம், கத்தியிருக்கலாம், எழுந்திருக்கலாம். படம் கெட்டிருக்காது. அல்லது சுமந்து வரும் வழியிலேயே விழுந்திருப்பானோ. இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தபோது கேமராவின் நினைவு அட்டையைக் கணினியில் போட்டாள். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் நொடி சுத்தமாகப் பதிந்திருந்தது. முப்பத்தைந்தாவது படம் ஐந்து ஐம்பத்தொன்று. முப்பத்தாறாவது ஐந்து ஐம்பத்திரண்டு. கடைசிப் படம் ஐந்து ஐம்பத்தாறு. முதல் முப்பத்துமூன்றும் நன்றாக இருந்தன, பெருக்கிப் பார்த்தால் விளிம்பில் லேசாக ஒரு பிசிறு. நடுவில் இரண்டு, குலுங்கிப் போனவை. அதற்கப்புறம் பதினேழு படங்கள். அவற்றில் பிசிறே இல்லை. உயிருள்ள ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டாலே அந்தப் பிசிறு வரும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

அந்தப் பதினேழும் இல்லாமல் இலை நுனி கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று கை போயிற்று. பிறகு, அவன் கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. மேசையில் தலையை வைத்து, குரல் விட்டு அழுதாள். அழுது முடித்து, ஐம்பது படங்களையும் ஒன்றாக்கி அனுப்பினாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு தாவரப் பிரிவுப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தாள். உறுதி செய்துவிட்டோம், அறிக்கை போய்விட்டது, சாலை இனி அந்தப் பக்கம் வராது என்றாள். குரலில் மகிழ்ச்சி. ரோலியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வைக்கப் போகும் முன் தயங்கி ஒன்று கேட்டாள். தங்கள் பிரிவு ஆட்களும் இப்படிச் சதுப்புகளுக்குப் போகிறார்கள், மிதக்கும் பாசியில் இவ்வளவு ஆடாத படத்தை இதுவரை கண்டதில்லை, எந்த ட்ரைபாட் என்று சொல்ல முடியுமா.

ஆர்டிஸ் சொன்னாள். கார்பன், நடுத்தண்டு இல்லாதது, கால்கள் தரையோடு விரிய வேண்டும், அடியில் தட்டு அளவுக்குப் பலகை. அந்தப் பெண் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"இது போதுங்களா?"

"கூட வர்றவங்க அசையக் கூடாது."

"சரி, எழுதிக்கிட்டேன்."

"இதையும் எழுதிக்கோங்க" என்றாள் ஆர்டிஸ். "அவங்க அசைஞ்சா, திட்டாதீங்க. படம் போனாப் போவுது. திரும்பிப் பாருங்க."